பட்டியலில் ஏழாவது பெயர்

பிப்ரவரி 3, 2018, சனி

இன்று மட்டும் ஆயிரத்து இருநூறு நோட்டீஸ் மடித்தேன். கட்டைவிரல் நுனி மழமழவென்று ஆகிவிட்டது. பக்கத்து அறையில் என் கணவன் லூயி, டூபா என்ற ராட்சதப் பித்தளைக் குழலை ஊதிப் பழகுகிறான். வேஷம் போட்டு ஆடும் கார்னிவல் திருவிழாவுக்கு இன்னும் எட்டே நாள். நான் ஒன்று மடித்தால் அவன் ஒரு 'பூம்'. ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. கீழ்வீட்டிலிருந்து யாரும் இதுவரை துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டவில்லை. அது அவர்கள் பெருந்தன்மை.

ஐந்து வருடமாக 'சொந்த மண்' கட்சியில் எனக்குப் பதவி எதுவும் இல்லை. தலைவி இல்லை, செயலாளர் இல்லை. ஆனால் நோட்டீஸ் எழுதுவது நான். தலைவர் ஹூப் ராமாகர்ஸ் மேடையில் முழங்குவதை எழுதிக் கொடுப்பது நான். பத்திரிகைக்கு 'கவலையுள்ள குடிமகன்' என்று மூன்று வேறு பெயரில் கடிதம் போடுவது நான். கூட்டத்துக்குக் காப்பி கலப்பதும் நான்தான். பத்திரிகையில் எங்களைத் 'தீவிர வலதுசாரிகள்' என்று எழுதும்போதெல்லாம் லூயி, "ஏய் தீவிரம், சூப் ஆறுது வா" என்கிறான்.

இந்தத் தடவை நோட்டீஸ் நன்றாக வந்திருக்கிறது. மேலே ஒரே வரி: 'வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பது யார்?' கீழே படம், செவ்வாய்ச் சந்தையில் நானே எடுத்தது. முக்காடு போட்ட இரண்டு பெண்கள், முதுகுப் பக்கமாக.

வரிசை எனக்குத் தெரியும். என் மகன் யோரிஸுக்கு இருபத்தேழு வயது. ஏழு வருடமாக, மலிவு வாடகை வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது. அவன் இருப்பதோ எங்கள் பின்னறையில், பள்ளிக்கூட மேசையில் முழங்காலை இடித்துக்கொண்டு. அகதியாக வந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் வீடு கிடைக்கிறது. ஏன் என்று கேட்டால் எல்லாரும் தொண்டையைக் கனைத்தார்கள். ஹூப் ஒருவர்தான் கனைக்கவில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

வேட்பாளர் பட்டியல் கொடுக்கக் கடைசி நாள். காலை பத்து மணிக்கு ஏழாவது ஆள் போன் செய்தார்: "மார்லீஸ், என் பேர எடுத்துடுங்க. கட்சியா கல்யாணமான்னு பொண்டாட்டி கேட்டுட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவ பக்கத்துலதான் நிக்கறா."

ஹூப் நகர மன்றப் படிக்கட்டில் நின்று கையைப் பிசைந்தார். முப்பத்தெட்டு வயது, வீடு விற்றுக் கொடுக்கும் தொழில், கலையாத தலைமுடி. "ஒன்பது பேர்னு பத்திரிகைக்குச் சொல்லிட்டேன். உங்க பேரையே போட்டுடுங்க. ஏழாவது இடத்துல யாருங்க பாக்கப் போறாங்க?"

போட்டுவிட்டேன். மார்லீஸ் ஃபுரூமன், 52, மருந்துக்கடைப் பணியாளர். கவுன்டரில் இருந்த பெண் முத்திரை குத்தும்போது, "உங்க போட்டோ போஸ்டர்ல வருமா?" என்றாள். வராது, ஒன்று முதல் மூன்று வரைக்கும்தான் என்றேன். நிம்மதியாக இருந்தது.

இன்னொரு காகிதத்திலும் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்: 'தலைவரைவிட அதிக ஓட்டு வாங்கி எனக்கு இடம் கிடைத்தால் விட்டுக் கொடுப்பேன்.' ஹூப் கேட்டார், நான் எழுதினேன். சட்டப்படி இதற்கு ஒரு மதிப்பும் இல்லை என்று எழுதும்போதே தெரியும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

லூயி இன்றிலிருந்து என்னை 'மாண்புமிகு ஏழு' என்கிறான்.

பிப்ரவரி 12, திங்கள்

கார்னிவல். காலில் உணர்வே இல்லை, அவ்வளவு ஆட்டம். நான் இந்த வருடம் வாழைப்பழம். லூயியின் வாத்தியக் குழு முழுவதும் தொப்பிக்குப் பதிலாக வடிகட்டி. ஹூப் சாதாரணக் கோட்டில் வந்து நின்றார். "நீங்க என்ன வேஷம்?" என்று யாரோ கேட்க, "நான் ஹூப் ராமாகர்ஸ்" என்றார். "அட, அச்சு அசலா இருக்கே!" என்று கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன், வாழைப்பழத் தோலுக்குள்.

திரும்பி வரும்போது லிஃப்ட்டில் ஒரு டூபா, ஒரு வாழைப்பழம், ஐந்தாவது மாடி நூர்ஹான், அவள் அம்மாவின் சக்கர நாற்காலி.

"அக்கா, உள்ள இடமில்ல. கொஞ்சம் தோல உரிச்சுக்கோயேன்" என்றாள். அவள் அம்மா துருக்கிய மொழியில் ஏதோ சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என்ன என்று கேட்டதற்கு நூர்ஹான், "வேண்டாம்கா, அது வயசானவங்க பேச்சு" என்றுவிட்டாள்.

நல்ல லிஃப்ட். பழையது ஒரு வருடத்தில் அறுபத்தொரு நாள் நின்றது. நான் ஒவ்வொரு நாளையும் குறித்து வைத்து, எட்டு மாடியிலும் கையெழுத்து வாங்கி, வீட்டு நிர்வாகத்துக்கு வாராவாரம் கடிதம் போட்டு, கடைசியில் அவர்கள் என் கையெழுத்தைப் பார்த்தாலே பயப்படும் நிலைக்குக் கொண்டுவந்தேன். புது லிஃப்ட் வந்தது. அதை நோட்டீஸில் போடலாமா என்று ஹூப்பிடம் கேட்டேன். "லிஃப்ட்டுக்கு எவன் ஓட்டு போடுவான்?" என்றார்.

மார்ச் 2, வெள்ளி

எங்கள் கட்டிடத்திலும் நோட்டீஸ் போட்டேன், எண்பத்தெட்டு தபால் பெட்டி. கொஞ்சம் கூச்சமாக இருந்தது, வேகமாகப் போட்டேன். எதிரே நூர்ஹான் வந்துவிட்டாள். ஒன்றை எடுத்துப் பார்த்தாள், மடித்துப் பையில் வைத்தாள்.

"படம் நல்லா வந்திருக்குக்கா. நீ எடுத்ததா?"

ஆமாம் என்றேன். பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்?

மார்ச் 17, சனி

தேர்தலுக்கு முந்தைய கடைசிக் கூட்டம். துப்பாக்கி சுடும் சங்கத்தின் ஹாலில் நூற்றுப் பத்து பேர், நான்கு கெட்டில் காப்பி, ஆறு செர்ரிப்பழ வ்லாய் கேக், ஒரு துண்டு மிச்சமில்லை. ஹூப் என் வரிகளைப் பேசினார். நான் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினார், நான் கைதட்டல் வரும் என்று குறித்த இடத்தில் கைதட்டல் வந்தது. காப்பித் தட்டோடு சுவரில் சாய்ந்து அதைக் கேட்பது எனக்குப் பெரிய சந்தோஷம், பொய் சொல்லக் கூடாது.

கடைசியில் சொந்தமாக ஒன்று சேர்த்தார்: "பாப்ளர் தெரு அடுக்குமாடிக்குப் போய்ப் பாருங்க! நம்ம பாஷை பேசற ஒரு மனுஷன் அங்க இல்ல!"

பெரிய கைதட்டல். நானும் தட்டினேன், கை தானாகத் தட்டியது. பிறகுதான் உறைத்தது. நான் அங்கேதானே இருக்கிறேன்? லூயி எந்த பாஷை பேசுகிறான்? ஹூப் ஒரு தடவைகூட மேலே வந்ததில்லை; நோட்டீஸ் கட்டுகளைக் கீழே காரிலேயே வாங்கிக்கொள்வார்.

"அந்த அடுக்குமாடிலதான் நான் இருக்கேன்" என்றேன், கோப்பைகளை அடுக்கும்போது.

"அட, உங்களச் சொல்லலீங்க" என்றார்.

மார்ச் 21, புதன்

ஓட்டுப் போட்டாச்சு. கீழே சமூகக் கூடம்தான் வாக்குச்சாவடி, வீட்டுக்குள் போடும் செருப்போடே போய்வரலாம். சிவப்புப் பென்சிலால் ஹூப் பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தை நிரப்பினேன். என் பெயரை அச்சில் பார்க்கையில் வேறு யாரோ போல இருந்தது. சாயங்காலம் வரிசை வாசல் தாண்டி நின்றது. எங்கள் கட்டிடத்தில் இவ்வளவு பேர் ஓட்டுப் போட்டு நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் எனக்கு வணக்கம் வைத்தார்கள். என்ன விசேஷம் இன்றைக்கு?

மார்ச் 22, வியாழன்

நகர மன்றத்தில் ஓர் இடம்! ஒரு இடத்துக்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு ஓட்டு வேண்டும். எங்களுக்கு எழுநூற்று நாற்பத்தெட்டு. ஐந்து வருட உழைப்பு. மருந்துக்கடையில் இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்றுப்போக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். ஹூப் போனில் அழுதேவிட்டார். "மார்லீஸ், நீங்க இல்லன்னா நான் இல்ல" என்றார். இதை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

யாருக்கு எத்தனை என்று நாளை அறிவிப்பார்கள். அது வெறும் சடங்கு.

மார்ச் 23, வெள்ளி

எழுத முடியவில்லை. எழுதுகிறேன்.

நகர மன்ற மண்டபம். மேயர் வாசித்தார். "சொந்த மண், ஓர் இடம். ராமாகர்ஸ், இருநூற்று எண்பத்தேழு." ஹூப் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார். மேயர் விரலை ஓட்டிக்கொண்டே கீழே போனார். "ஃபுரூமன், முந்நூற்று இருபத்திரண்டு."

பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி வாசித்தார். ஒரே இடம், அது கூடுதல் ஓட்டு வாங்கியவருக்கு. முப்பத்தைந்து ஓட்டு வித்தியாசம். எனக்கு.

எனக்கா? எதுக்கு?

ஹூப் நின்றபடியே இருந்தார். அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பின்வரிசையிலிருந்து லூயி, "மாண்புமிகு ஏழு!" என்று கத்தினான். அவன் குரல், அதுவும் டூபா மாதிரிதான்.

வெளியே வந்ததும் ஹூப் என் முழங்கையைப் பிடித்தார். "பரவாயில்ல, பரவாயில்ல. திங்கக்கிழமை ஒரு கையெழுத்து, விஷயம் முடிஞ்சுது. காகிதம் இருக்கு." சிரித்துக்கொண்டே சொன்னார். பிடி வலித்தது.

மார்ச் 24, சனி

வாக்குச்சாவடி வாரியாகக் கணக்கு வெளியாகிவிட்டது. காலையிலேயே மேசையில் பரப்பினேன். இதுதானே என் வேலை. சந்தைப் பக்கம் எனக்கு எட்டு. தேவாலயத் தெரு பதினொன்று. லூயி பஸ் ஓட்டும் தடத்தில் இங்கே பத்து, அங்கே பத்து. பாப்ளர் தெரு சமூகக் கூடம்: இருநூற்றுப் பத்தொன்பது.

மூன்று தடவை பார்த்தேன். அதே சாவடியில் ஹூப்புக்கு ஆறு. அதில் ஒன்று நான் போட்டது.

ஐந்தாவது மாடிக்குப் படியேறிப் போனேன், லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. நூர்ஹான் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவள் அம்மா ஜன்னலோரம். கேட்டேன், நேராகவே.

"ஆமா, நாங்கதான்" என்றாள். "இந்தச் சமையல்கட்டுலதான் முடிவாச்சு. மாடிக்கு ரெண்டு பேர் வந்தாங்க. உங்க ஆளு எப்படியும் ஜெயிச்சிடுவான்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படின்னா உள்ள போறது அவனா இருக்கறதுக்கு நீயா இரேன். உன்னத் திட்டணும்னா ரெண்டு மாடி எறங்கினா போதும். அவன எங்கன்னு போய்த் தேடறது?"

"நான் எழுதினதப் படிச்சீங்கல்ல?"

"படிச்சேனா? அதுல நானே இருக்கேனேக்கா." கையைத் துடைத்துக்கொண்டு குளிர்பெட்டிக் கதவைக் காட்டினாள். என் நோட்டீஸ், காந்தத்தில் ஒட்டி. "சாம்பல் கோட்டு என்னோடது. பக்கத்துல என் பொண்ணு எலிஃப். கோட்டு வாங்கி ரெண்டே மாசம். அதுக்குள்ள ஊர் பூரா விளம்பரம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எத்தனை வருடமாக அந்த முதுகை லிஃப்ட்டில் பார்க்கிறேன். படம் எடுக்கும்போது தெரியவில்லையே. மடிக்கும்போது தெரியவில்லையே. ஆறாயிரம் தடவை மடித்தேனே!

"ஏன் அன்னைக்கே என்னைக் கேக்கல?"

"கேட்டா நீ பதில் வச்சிருப்ப. நீ எழுதறவளாச்சே." அப்புறம் மாவைப் பார்த்தபடி, "வரிசைல முன்னால யாருன்னு கேட்டிருந்தியே. எலிஃப் ஆறு வருஷமா அதே வரிசைலதான்கா நிக்கறா. உன் பையனுக்கு முன்னால இல்ல, பின்னால."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று கணக்கைச் சொன்னேன். எழுநூற்று நாற்பத்தெட்டில் இருநூற்றுப் பத்தொன்பதைக் கழித்தால் ஐந்நூற்று இருபத்தொன்பது. தேவை ஐந்நூற்றுத் தொண்ணூறு.

"அதாவது?"

"அதாவது நீங்க யாரும் ஓட்டே போடாம இருந்திருந்தா எங்க கட்சிக்கு ஒரு இடம்கூடக் கெடைச்சிருக்காது."

நூர்ஹான் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவுக்கு மொழிபெயர்த்தாள். கிழவி இரண்டு கையாலும் தொடையில் அறைந்துகொண்டு நாற்காலி நகரும்படி சிரித்தாள். பிறகு நூர்ஹான், பிறகு நானும். மாவு காய்ந்துவிட்டது. சிரித்து முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். நூர்ஹான் அதைக் கவனிக்காதவள் போலப் பாலாடைக்கட்டிச் சுருள்கள் ஆறைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

மார்ச் 25, ஞாயிறு

மன்னிப்புக் கேட்கவில்லை என்பது இன்று காலையில்தான் உறைத்தது. போய்க் கேட்டேன். "சரி, உள்ள வந்து டீ குடி" என்றாள்.

மார்ச் 26, திங்கள்

ஹூப் முதல்முறையாக மேலே வந்தார். லிஃப்ட்டில் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து காகிதத்தை மேசையில் வைத்தார்.

"இதுக்கு மதிப்பில்லீங்க. நான்தானே எழுதினேன்" என்றேன்.

"தெரிஞ்சேவா எழுதினீங்க?"

"தெரிஞ்சேதான்."

அவர் முகம் மாறியது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஐந்து வருடம் மழையில் சந்தையில் நின்றவர். "அந்த ஓட்டெல்லாம் யாரோடதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். பேர் பேராத் தெரியும்."

"அது நம்ம ஓட்டு இல்ல!"

"அது இல்லன்னா நமக்கு இடமே இல்லங்க." கணக்கைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை.

"நீ காப்பி போட்டவ" என்றார். ஐந்து வருடத்தில் முதல் 'நீ'. "நான் பேசினேன், நீ காப்பி போட்ட!"

லூயி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தான். "ஹூப், காப்பி வேணுமா? இன்னைக்கு நான் போடறேன். அவங்க மாண்புமிகு ஆயிட்டாங்க."

போய்விட்டார். சாவியைக் குளிர்பெட்டியில் வைத்து, அதை ஒரு மணி நேரம் தேடினேன்.

மார்ச் 29, வியாழன்

பதவியேற்றேன். வலது கையின் இரண்டு விரலைத் தூக்கிச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் என் வார்த்தை இன்னொருவர் வாயில்; இன்று வேறு யாரோ எழுதிய வார்த்தை என் வாயில். குரல் கீச்சென்று வந்தது. பார்வையாளர் வரிசையில் யோரிஸ் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தான். அதுதான் இன்றைய பெரிய செய்தி.

ஏப்ரல் 3, செவ்வாய்

கட்சியிலிருந்து நீக்கிக் கடிதம். நான் உருவாக்கிய கடிதத் தாள், நான் தேர்ந்தெடுத்த எழுத்துரு. நான்கு எழுத்துப் பிழை. சிவப்பில் திருத்தித் திருப்பி அனுப்பலாமா என்று ஒரு கணம் தோன்றியது. லூயிதான், "வேணாம், அவங்களுக்கு இனிமே யாரு இருக்கா?" என்றான்.

இப்போது நான் 'குழு ஃபுரூமன்'. குழுவில் ஒரே ஆள். கூட்டம் சீக்கிரம் முடிகிறது.

ஏப்ரல் 19, வியாழன்

மூடிக் கிடக்கும் பெண்கள் பள்ளியை முப்பது வீடாக மாற்றும் திட்டம் மன்றத்துக்கு வந்துவிட்டது. முப்பதும் அகதிகளாக வந்தவர்களுக்கு. எந்தத் திட்டத்தை நிறுத்தவென்று ஐந்து வருடம் எழுதினேனோ, அதே திட்டம்.

முன்பென்றால் கால் மணியில் எழுதியிருப்பேன். இன்று நான்கு தாள் கிழித்தேன். 'அவர்கள்' என்று ஆரம்பித்தால் நூர்ஹானின் முதுகு தெரிகிறது. 'நாம்' என்று ஆரம்பித்தால் யாரைச் சேர்த்து, யாரை விட்டு? கடைசியில் எண்களை மட்டும் எழுதினேன். வீடு முப்பது. உள்ளூர்ப் பட்டியலில் காத்திருப்பவர்கள் ஆயிரத்து நானூறு. ஆறு வருடமோ அதற்கு மேலோ நிற்பவர்கள் இருநூற்றுப் பத்து. அதில் யோரிஸ் உண்டு, எலிஃப் உண்டு.

நூர்ஹானிடம் படித்துக் காட்டினேன். "பாதிப் பாதி கேளு" என்றாள். "எல்லாருக்கும் கோவம் வரும்."

மே 24, வியாழன்

பதினைந்து வீடு அகதிகளாக வந்தவர்களுக்கு, பதினைந்து பட்டியலில் காத்திருப்பவர்களுக்கு. என் திருத்தம். இரண்டு நிமிடம் பேசினேன், கீச்சில்லாமல். இடதுசாரி அம்மையார் ஒருவர், "போயும் போயும் உங்களோட சேந்து கை தூக்கறேனே" என்று தலையில் அடித்துக்கொண்டே கை தூக்கினார். பதினான்குக்குப் பதினொன்றில் நிறைவேறியது. லூயி மேல் மாடத்திலிருந்து கைதட்டினான். பார்வையாளர்கள் கைதட்டக் கூடாது என்று அவனை எச்சரித்தார்கள். இது மூன்றாவது எச்சரிக்கை.

யோரிஸுக்கோ எலிஃபுக்கோ கிடைக்குமா? குலுக்கலில் தெரியும். இரண்டு பேருக்கும் கிடைக்காமலும் போகலாம். பத்திரிகைக்காரர் ஒருவர் போன் செய்து, நான் மாறிவிட்டேனா என்று கேட்டார். வீடு போதவில்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். யாரைக் காட்டிச் சொன்னேன் என்பதில்தான் தவறு என்றேன். அதை அவர் எழுதிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

வெளியே சைக்கிள் நிறுத்தத்தில் ஒருவர் காத்திருந்தார். தெரிந்த முகம், துப்பாக்கிச் சங்க ஹாலில் முதல் வரிசையில் உட்கார்ந்து இரண்டு துண்டு வ்லாய் சாப்பிட்டவர்.

"துரோகி" என்றார்.

நான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். ஓட்டுப் போட்டவர், ஹூப்பின் இருநூற்று எண்பத்தேழில் ஒருவர். அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. நின்றேன். அவரும் போகாமல் நின்றார். தொப்பியைக் கழற்றினார், மாட்டினார்.

"எங்க தெருவுல சாக்கடை அடைச்சு மூணு வாரமாச்சு. மழை பேஞ்சா அப்படியே கதவு வரைக்கும் வருது. எவனும் எட்டிப் பாக்கல."

"எந்தத் தெரு?"

"மோலன் தெரு. பதினாலு."

நோட்டை எடுத்து, சைக்கிள் இருக்கையில் வைத்து, எழுதிக்கொண்டேன்.